ஒரே தொலைநோக்கி: கண்ணுக்கா, கேமராவுக்கா?

முதல்வானம்:
வணக்கம். ரெண்டு வருஷமா 10x50 பைனாகுலர்லதான் வானம் பார்த்துட்டு இருக்கேன். இப்ப முதல் தொலைநோக்கி வாங்கப் போறேன். கையில இருக்கிற காசுக்கு ஏதாவது ஒண்ணுதான் முடியும்: 8 அங்குல (200 மி.மீ.) டாப்சோனியன், அதாவது பலகைப் பெட்டி மேல வெச்சு கையால திருப்புற கண்ணாடித் தொலைநோக்கி; இல்லன்னா இக்யூ5 மவுன்ட்டோட (வான சுழற்சியைப் பின்தொடர்ந்து திரும்பக்கூடிய தாங்கி) 130 மி.மீ. நியூட்டோனியன், அதுவும் கண்ணாடித் தொலைநோக்கிதான். கண்ணால பார்க்கவும் ஆசை, ஆண்ட்ரோமெடா கேலக்ஸி, ஓரியன் நெபுலா (வாயு மேகம்) மாதிரி படம் எடுக்கவும் ஆசை. ஒரு பழைய டிஎஸ்எல்ஆரும் 135 மி.மீ. லென்ஸும் இருக்கு. எதுக்குப் போகலாம்?

டாப்சன்பிரியன்:
8 அங்குலம். ரெண்டாவது யோசனையே வேண்டாம். 130 மி.மீ. கண்ணாடியை விட 200 மி.மீ. கண்ணாடி 2.4 மடங்கு வெளிச்சம் சேர்க்கும். ஹெர்குலிஸ் விண்மீன் குழுவுல இருக்கிற எம்13 நட்சத்திரக் கொத்தை 130-ல பார்த்தா ஓரம் மட்டும் மணல் தூவின மாதிரி இருக்கும், நடுவுல சாம்பல் மூட்டம். 200-ல அந்த மூட்டம் உடைஞ்சு, நடு வரைக்கும் தனித்தனிப் புள்ளியா தெரியும். முதல்தடவை அதைப் பார்த்த ராத்திரி ஐபீஸை (கண் வெச்சுப் பார்க்கிற லென்ஸை) விட்டு நகர மனசே வரல எனக்கு.

இந்த அமைப்பைப் பிரபலமாக்கினவர் ஜான் டாப்சன். சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்துல துறவியா இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்ச்சு ஆடி செஞ்சு, 1960-கள்ல தெருவோரத்துல நிறுத்தி, போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் வானம் காட்டினார். அடியில வெறும் பலகைப் பெட்டி. அதனாலதான் நீங்க கொடுக்கிற காசு பெரும்பாலும் கண்ணாடிக்கே போகுது.

நீளஎக்ஸ்போஷர்:
டாப்சன்பிரியன், அவர் ஆண்ட்ரோமெடாவைப் படம் எடுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். அந்தப் பாதியை நீங்கள் படிக்கவே இல்லை.

பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 விநாடிக் கோணம் (ஒரு விநாடிக் கோணம் என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு) நகர்கிறது. 8 அங்குல டாப்சோனியனின் குவியத்தூரம் (ஆடியிலிருந்து பிம்பம் குவியும் இடம் வரையான தூரம்) பொதுவாக 1200 மி.மீ. அதில் 4 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவை மாட்டினால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 0.7 விநாடிக் கோணம். ஒரே நொடியில் நட்சத்திரம் 20 பிக்சலுக்கு மேல் இழுபட்டுவிடும். நெபுலாவுக்கு நிமிடக்கணக்கில் வெளிச்சம் சேர வேண்டும். ஆகவே முதலில் மவுன்ட், அப்புறம்தான் குழாய். இக்யூ5-க்கு மோட்டார் போட்டு 130 மி.மீ. எஃப்/5 நியூட்டோனியனை (குவியத்தூரம் 650 மி.மீ.) ஏற்றுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பார்வைக்கென்றே செய்த நியூட்டோனியன்கள் பலவற்றில் டிஎஸ்எல்ஆர் ஃபோகஸே ஆகாது. எனக்கு நடந்தது இது. ஃபோகசரை (ஐபீஸோ கேமராவோ மாட்டும், உள்ளே வெளியே நகரும் பகுதியை) முழுக்க உள்ளே தள்ளியும் நட்சத்திரங்கள் நடுவில் ஓட்டை விழுந்த வட்டங்களாகவே நின்றன. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் போதும், ஆனால் போக இடமில்லை. கடைசியில் நீளமான போல்ட் போட்டு முதன்மை ஆடியைக் குழாய்க்குள் மேலே ஏற்றினேன். கேமராவை வைத்து ஃபோகஸ் ஆகும் மாடல்தானா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டாப்சன்பிரியன்:
படிச்சேன், நல்லாவே படிச்சேன். ஆனா இக்யூ மவுன்ட்ல நியூட்டோனியன் வெச்சு கண்ணால பார்த்திருக்கீங்களா? வானத்துல ஒரு பக்கம் திருப்பினா ஐபீஸ் தரையைப் பார்க்கும், இன்னொரு பக்கம் திருப்பினா தலைக்கு மேல போகும். ஒவ்வொரு தடவையும் வளையத்தைத் தளர்த்தி குழாயை உருட்டணும். துருவ நட்சத்திரத்தோட ஒழுங்குபடுத்தணும். எடைக்கட்டி மாட்டணும். அரை மணி நேரம் மேகம் விலகுற ராத்திரியில இவர் வெளியவே வர மாட்டார். டாப்சோனியன்னா ரெண்டு நடை, வெச்சா வேலை முடிஞ்சுது. அப்புறம் கண்ணாடி குளிரக் கொஞ்ச நேரம் விடணும், அவ்வளவுதான்.

படமே எடுக்க முடியாதுங்கிறதும் தப்பு. நிலா, வியாழன், சனி எல்லாம் வீடியோவா எடுக்கலாம். சின்ன கிரகக் கேமராவை வெச்சு வியாழனைச் சட்டத்தோட ஒரு ஓரத்துல நிறுத்திட்டா, 1200 மி.மீ.ல அது மறு ஓரம் போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள ஆயிரக்கணக்கான ஃப்ரேம் கிடைச்சிடும். ஆட்டோஸ்டாக்கர்ட்ங்கிற மென்பொருள் இலவசம். நல்ல ஃப்ரேமை மட்டும் பொறுக்கி அடுக்கிக் கொடுக்கும்.

மூன்றுகால்:
ரெண்டு பேருமே ஒரே குழாய்க்குள்ள ரெண்டு வேலையையும் அடைக்கப் பார்க்கறீங்க. அவர் கையில 135 லென்ஸ் இருக்குங்க! அதை யாரும் கண்டுக்கல.

ஆண்ட்ரோமெடா வானத்துல 3 பாகை நீளம். ஆறு முழு நிலாவை வரிசையா வெச்ச அகலம். நீளஎக்ஸ்போஷர் சொல்ற 650 மி.மீ. குழாய்ல ஏபிஎஸ்-சி சென்சார் (பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்ல இருக்கிற அளவு) காட்டுறது 2 பாகைக்குக் கொஞ்சம் கம்மி. கேலக்ஸியோட ரெண்டு முனையும் வெட்டுப்படும். 135 லென்ஸ்ல 9 பாகை தெரியும், முழுசா அடங்கும். லென்ஸ்னா விளையாட்டுப் பொருள்னு நினைக்காதீங்க. டிராகன்ஃப்ளைனு ஒரு ஆய்வுத் தொலைநோக்கி, 400 மி.மீ. கேமரா லென்ஸ்களைக் கொத்தா கட்டி மங்கலான கேலக்ஸிகளை ஆராயுது.

அதனால கண்ணுக்கு டாப்சோனியன் வாங்குங்க. படத்துக்கு லென்ஸ், கூட கேமராவை வானத்தோட சேர்த்துத் திருப்புற ஒரு சின்ன ட்ராக்கர். ட்ராக்கருக்குக் காசு இல்லையா? ரெண்டு பலகை, ஒரு கதவுக் கீல், 1 மி.மீ. மரை இடைவெளி உள்ள ஒரு எம்6 (6 மி.மீ. தடிமன்) ஸ்க்ரூ. கீல்லேர்ந்து 229 மி.மீ. தள்ளி ஸ்க்ரூவை வெச்சு நிமிஷத்துக்கு ஒரு சுத்து சுத்தினா பலகை வானத்தோட வேகத்துல திறக்கும்.

நீளஎக்ஸ்போஷர்:
ஆண்ட்ரோமெடா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது விதிவிலக்கான பெரிய பொருள். எம்51 கேலக்ஸி 11 நிமிடக் கோணம்தான் (ஒரு நிமிடக் கோணம் என்பது பாகையில் 60-ல் ஒரு பங்கு). 135-ல் அது சட்டத்தில் நூறு பிக்சல் தேறும். லைரா விண்மீன் குழுவிலுள்ள வளைய நெபுலா ஒரு புள்ளிக்குச் சற்றே பெரியது. முதல் பருவம் முடிந்ததுமே பெரிய குவியத்தூரம் வேண்டும் என்று தோன்றும், அன்று இந்தப் பலகை உதவாது. நல்ல மவுன்ட் வாங்கினால் குழாயை எத்தனை முறை மாற்றினாலும் மவுன்ட் அப்படியே இருக்கும்.

சனிவளையம்:
சீஸ்டார் எஸ்50 மாதிரி ஸ்மார்ட் தொலைநோக்கி பத்தி யாருமே பேசலயே? 50 மி.மீ. விட்டம், 250 மி.மீ. குவியத்தூரம். தானே தேடி, தானே பின்தொடர்ந்து, தானே படங்களை அடுக்கிடும். போன்ல நெபுலா வந்துடும்.

டாப்சன்பிரியன்:
படத்துக்கு நல்லதுதான், மறுக்கல. ஆனா அதுல ஐபீஸே கிடையாது. இவர் கண்ணால பார்க்கணும்னு முதல் வரியிலேயே சொல்லிட்டார். சனி வளையத்துல கறுப்புக் கோடு மாதிரி தெரியுற காசினி இடைவெளியைக் கண்ணாலயே பார்க்கிறதும் போன்ல பார்க்கிறதும் ஒண்ணாகாது.

முதல்வானம்:
எல்லாருக்கும் நன்றி. மூன்றுகால் எழுதினதைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி ஆண்ட்ரோமெடாவைச் சும்மா முயற்சி பண்ணினேன். சாதா ட்ரைபாட், 135 லென்ஸ், 2 நொடி எக்ஸ்போஷர், 200 படம். சிரில்ங்கிற மென்பொருள்ல அடுக்கினேன். தனிப் படத்துல ஒரு மங்கல் புள்ளி மாதிரிதான் இருந்துச்சு. அடுக்கி முடிச்சதும் சாய்ஞ்ச நீள்வட்டம், பக்கத்துல அதோட துணைக் கேலக்ஸி எம்32-ம் தெரியுது! 25 லட்சம் ஒளியாண்டு தூரம். கை நடுங்கிடுச்சு.

டாப்சோனியன்தான்னு முடிவு பண்ணிட்டேன். நீளஎக்ஸ்போஷர், நீங்க சொன்ன மவுன்ட்டை அடுத்ததா சேர்த்து வாங்குவேன். அதுவரைக்கும் பலகை ட்ராக்கர். கீலை எந்தப் பக்கம் குறி வைக்கணும்?

மூன்றுகால்:
கீலோட அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்கணும். கீல் மேல ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, அதுக்குள்ள நட்சத்திரம் தெரியுற வரைக்கும் ட்ரைபாடைச் சாயுங்க. அது உண்மையான துருவத்துலேர்ந்து அரை பாகையை விடக் கொஞ்சம் கூட விலகித்தான் இருக்கு, ஆனா 135-ல ஒரு நிமிஷப் படத்துக்குப் பரவாயில்ல. ஸ்க்ரூவை 15 நொடிக்கு ஒரு கால் சுத்தா மெதுவா திருப்புங்க. முதல்ல 30 நொடிப் படம் எடுத்து, ஓரத்து நட்சத்திரம் உருண்டையா இருக்கான்னு பெரிசு பண்ணிப் பாருங்க.

நீளஎக்ஸ்போஷர்:
அந்த 200 படங்களின் மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். அதே லென்ஸில் புதிதாக எடுப்பதையும் பின்னர் அவற்றோடு சேர்த்து அடுக்கலாம்.