வீட்டுக்கல்வி – டி.சி. (பள்ளி மாற்றுச் சான்றிதழ்) கையில், அடுத்து என்ன?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாம வீட்டிலேயே படிக்க வைக்கிற வீட்டுக்கல்விக்கு யாரிடம் அனுமதி வாங்கணும்னு தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கமிருந்து கேட்டவங்களுக்காக இந்தப் பதிவு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பத்திப் பேசுது. வீட்டுக்கல்வியைப் பதிவு செய்ய அதில் வழிமுறை இல்லை. அதனால சான்றிதழ்கள்தான் பிள்ளைக்குப் பிடிமானம்.

டி.சி. வாங்கும்போதே பெயர், பிறந்த தேதி, இனிஷியல் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துதான்னு பாருங்க. சறுக்குறது பெரும்பாலும் இனிஷியல்தான்: ஒண்ணுல "ச.", இன்னொண்ணுல அப்பா பெயர் முழுசா. பின்னாடி திருத்துறது பெரிய அலைச்சல்.

அடுத்தது தேர்வு: வீட்டிலிருந்தே படிச்சு எழுதக்கூடிய என்.ஐ.ஓ.எஸ். (தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம்) பத்தாம் வகுப்புக்கு 14 வயசு நிறைஞ்சிருக்கணும். தேற 5 பாடம் வேணும். தமிழ் வழியும் உண்டு. சேர்க்கை 5 வருஷம் செல்லும், அதுக்குள்ள தேர்வெழுத 9 வாய்ப்பு. அஞ்சையும் ஒரே மூச்சில் எழுத வைக்காதீங்க. முதல்ல ரெண்டு போதும்.