விவாதம்: கல்யாண மண்டபத்தில் க்யூஆர் வைத்துப் படம் சேர்ப்பது வேலைக்கு ஆகுமா?

பந்திக்காரன்:
ரிசப்ஷனுக்கு 700 பேர், மறுநாள் முகூர்த்தத்துக்கு 300 பேர் வருகிற கல்யாணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரவேற்பு மேஜை பக்கத்தில் ஒரு பலகை: "நீங்கள் எடுத்த படங்களை எங்களோடு பகிருங்கள்". கீழே க்யூஆர். ஸ்கேன் செய்தால் கூகுள் போட்டோஸ் ஆல்பம் திறக்கும். இப்போது பல மண்டபங்களில் இதைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் அது வாழைமரம் மாதிரி ஒரு அலங்காரம்தான். படம் வந்து சேர்வது வாட்ஸ்அப் குரூப்பில். சொந்தக்காரங்க எல்லாரும் ஏற்கெனவே அதில் இருக்காங்க, யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். இல்லை என்கிறவர்கள் விவரத்தோடு வாங்க.

மூன்றுகட்டம்:
குரூப்பில் சாதாரணமாக அனுப்புகிற படம் நீளவாக்கில் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். போன் எடுத்தது 4000×3000. கரிஸ்மா ஆல்பத்தில் (புத்தகம் மாதிரி அச்சடிக்கிற கல்யாண ஆல்பம்) 12 அங்குல அகலத்துக்கு அதைப் போட்டால் அங்குலத்துக்கு 133 புள்ளிதான் தேறும், முகம் மெழுகு பூசின மாதிரி இருக்கும். எச்டி வசதி 2023-லேயே வந்துவிட்டது, டாகுமென்டாக அனுப்பினால் அசல் அப்படியே வரும். ஆனால் இரண்டையும் பெரியப்பாவிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அதைவிடப் பெரிய நஷ்டம், எடுத்த நேரம் அழிந்துபோவது. வாட்ஸ்அப் வழியாக வந்த கோப்பின் பெயரைப் பாருங்கள்: ஐஎம்ஜி, தேதி, அப்புறம் டபிள்யூஏ0012 மாதிரி ஒரு எண். நடுவில் "டபிள்யூஏ" இருந்தால் உள்ளே கேமரா விவரம், நேரம், இடம் எதுவும் மிச்சம் இருக்காது. வந்து சேர்ந்த வரிசையில்தான் அடுக்கும். அந்த வரிசையில் பார்த்தால் மாலை மாற்றுவதற்கு முன்னாடி தாலி கட்டுவார்கள், நலுங்கு கடைசியில் வரும். ஒரே படத்தை நாலு பேர் ஃபார்வர்ட் செய்திருப்பார்கள், அது தனி.

பந்திக்காரன்:
அத்தை போனில் எடுத்த படத்தை யார் கரிஸ்மாவில் போடப்போகிறார்கள்? அதற்குத்தான் காசு கொடுத்து போட்டோகிராபரைக் கூப்பிடுகிறோம். விருந்தினர் படம் போனில் பார்க்க. 1600 போதும்.

உங்கள் கூகுள் ஆல்பத்துக்கு வருவோம். பார்ப்பதற்குக் கணக்கு வேண்டாம், படம் போடக் கணக்கு வேணும். ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும், சரி. ஐபோனில் சஃபாரியில் திறந்து ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே முடிந்தது கதை.

அடுத்து இடம். இலவசம் 15 ஜிபி. 2021 ஜூன் முதல் போடுகிற எல்லாப் படமும் அதில் கழிகிறது. ஆல்பம் உங்களுடையது, ஆனால் கழிவது போடுகிறவர் கணக்கில். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் சேர்ந்து நிரம்பிப்போன ஆளால் ஒரு படம்கூடச் சேர்க்க முடியாது. அப்படி நிரம்பாத போன் நம்ம குடும்பங்களில் எத்தனை? இன்னொன்று, போட்டவர் இடம் காலி பண்ண அந்தப் படத்தை அழித்தால் உங்கள் ஆல்பத்திலிருந்தும் போய்விடும். வாட்ஸ்அப்பில் இறங்கின படம் நம்ம போனில் கிடக்கும்.

ஸ்கேன்சாமி:
அண்ணே, நீங்க சொன்ன குறை அத்தனையும் கூகுள் ஆல்பத்தோடது. க்யூஆர் ஒரு கதவுதான், அது எந்த அறைக்குள் விடுகிறது என்பதுதான் பேச்சு.

இணையத்தில் கோப்பு சேமிக்கிற டிராப்பாக்ஸில் "ஃபைல் ரிக்வெஸ்ட்" என்று ஒன்று உண்டு. அந்த லிங்க்கை க்யூஆராக்கினால் விருந்தினர் கணக்கே இல்லாமல் அசல் அளவில் படம் போடலாம். பெயரும் மின்னஞ்சலும் கேட்கும், அவ்வளவுதான். கழிவது உங்கள் இடம். போட்டவர் தன் போனில் அழித்தாலும் உங்களிடம் இருக்கும்.

ஆனால் இலவசக் கணக்கில் 2 ஜிபிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பேர், ஆளுக்கு 15 படம், படம் 4 எம்பி என்றால் 3.6 ஜிபி. அதோடு ஒரு நிமிட வீடியோ 40 வந்தால், 1080பி-யில் நிமிடத்துக்கு 130 எம்பி வீதம் 5 ஜிபிக்கு மேல். 2 ஜிபி இரண்டாம் பந்திக்கு முன்னாடியே நிரம்பி, அதற்கப்புறம் போடுகிறவருக்கெல்லாம் பிழைச் செய்திதான். அவர் திரும்ப வரமாட்டார். ஒரு மாதத்துக்குக் காசு கட்டி இடம் வாங்குங்கள், படங்களை ஹார்டு டிஸ்க்கில் இறக்கியதும் நிறுத்திவிடுங்கள்.

கூகுள் ஃபார்மில் (இணையத்தில் நிரப்புகிற படிவம்) கோப்பு கேட்கலாமே என்று யாராவது சொல்வதற்கு முன்: அதுவும் லாகின் கேட்கும், ஒரு கேள்விக்கு 10 கோப்புதான். ஆப்பிளின் ஐகிளவுட் பகிர்வு ஆல்பம் படத்தை 2048 பிக்சலாக்கிவிடும், ஆண்ட்ராய்டுக்காரர் எதுவும் போடவே முடியாது. இரண்டையும் விட்டுவிடலாம்.

வாசல்காவல்:
தரம், இடம் என்று பேசிக்கொண்டே போகிறீர்கள். அந்தப் படங்களில் இருக்கிறவர்களை யாராவது கேட்டீர்களா? பலகையில் இருப்பது பொது லிங்க். மண்டபத்துக்குள் வருகிற யாரும், சமையல் ஆட்கள், நாற்காலி இறக்க வந்தவர், அடுத்த ஹாலுக்கு வழி தவறி வந்தவர், பலகையை ஒரு போட்டோ எடுத்தால் போதும். ஆறு மாதம் கழித்தும் ஆல்பம் திறக்கும். மணமகள் அறையில் புடவை கட்டும்போது தோழி எடுத்தது, தூங்கும் குழந்தை, ஆட்டம் போட்ட சித்தப்பா, எல்லாம் அதில் இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் யார் இருக்கிறார்கள் என்றாவது தெரியும்.

இன்னொரு விஷயம். போனில் இடம் பதிவாகிற அமைப்பு இருந்தால் படத்தோடு அதுவும் போகும். மண்டபத்தின் முகவரி தெரிந்தால் பரவாயில்லை. காலையில் வீட்டில் எடுத்த பந்தக்கால் படத்தில் வீட்டு இடம் இருக்கும். கூகுள் ஆல்பத்தில் இடம் காட்டுவதை அணைக்க வழி உண்டு, ஆனால் போடுகிற ஒவ்வொருவரும் அதைக் கவனிக்கணும்.

ஸ்கேன்சாமி:
அதனால்தான் ஃபைல் ரிக்வெஸ்ட் என்றேன். அது உண்டியல் மாதிரி. போடலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. படங்கள் வந்ததும் வீட்டில் ஒருவர் பார்த்து, வேண்டாததை எடுத்துவிட்டு, மீதியைத் தனி ஆல்பமாக்கி அந்த லிங்க்கைக் குரூப்பில் மட்டும் போடணும். பலகையில் இருக்கிற லிங்க்கும் பார்க்கிற லிங்க்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. இது ஒன்றைச் செய்தாலே வாசல்காவல் சொன்னதில் பாதி தீரும்.

வாசல்காவல்:
பாதிதான். செல்ஃபி எடுத்து அனுப்பினால் நீங்கள் இருக்கிற படங்களைப் பொறுக்கித் தருகிறோம் என்கிற சேவைகளை இதோடு சேர்த்து விற்கிறார்கள். அதற்கு 700 பேர் முகத்தையும் அளந்து வைத்தாக வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தன் வீட்டு நோக்கத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது, 3-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கல்யாண வீட்டாருக்கு அந்த விலக்கு உண்டு. காசுக்கு நடத்துகிற நிறுவனத்துக்கு அதே விலக்கு எப்படி வரும்? முகத் தரவை எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மூன்றுகட்டம்:
பலகை ஏன் அலங்காரமாகவே நின்றுவிடுகிறது என்பதைப் பார்ப்போம், பந்திக்காரன் அதை விட்டுவிட்டார். பெரும்பாலும் அச்சிலேயே தப்பு.

முதலில் லிங்க் நீளம். கூகுள் போட்டோஸின் சுருக்க லிங்க் 43 எழுத்து. க்யூஆர் கொஞ்சம் சேதமானாலும் படிக்க முடிவதற்குப் பிழைதிருத்தம் என்று பெயர், அதில் சில அளவுகள் உண்டு. நடுத்தரப் பிழைதிருத்தத்தில் அது 33×33 கட்டத்துக்குள் அடங்கும், 4 சென்டிமீட்டர் அகலத்தில் அடித்தால் ஒரு கட்டம் 1.2 மில்லிமீட்டர். 150 எழுத்து லிங்க்கை அப்படியே கொடுத்தால் 49×49 ஆகும், கட்டம் 0.8 மில்லிமீட்டர். மஞ்சப்பையில் ஸ்கிரீன் பிரின்ட் போட்டால் மை துணியில் ஊறி அந்தக் கட்டங்கள் ஒட்டிக்கொள்ளும். துணி என்றால் 6 சென்டிமீட்டருக்குக் குறையாதீர்கள். தூரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: எவ்வளவு தள்ளி நின்று ஸ்கேன் செய்வார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு அகலம். இரண்டு மீட்டர் என்றால் 20 சென்டிமீட்டர்.

மூலையில் இருக்கிற மூன்று பெரிய சதுரங்களைத் தொடக் கூடாது. எச் என்கிற உச்ச அளவு பிழைதிருத்தம் வைத்தால் 30 சதவீதம் வரை சேதம் தாங்கும் என்பது நடுவில் இருக்கிற தரவுக்கு. பலகைக்குச் சாமந்திச் சரம் சாத்துகிறேன் என்று ஒரு மூலைச் சதுரத்தை மறைத்தால் கேமராவுக்கு அது க்யூஆர் என்றே தெரியாது. சுற்றிலும் நாலு கட்ட அகலம் வெள்ளையாக விடணும். டிசைனர்கள் முதலில் கைவைப்பது அங்கேதான். அரக்கு நிறத்தில் தங்க எழுத்து பத்திரிகைக்கு அழகு, ஆனால் இருட்டுப் பின்னணியில் வெளிறிய கட்டங்களைப் பல ஸ்கேனர்கள் படிக்காது. வெள்ளையில் கறுப்பு போடுங்கள். பளபளப்பான பிளெக்ஸில் ஃபோகஸ் லைட் பட்டு நடுவில் வெள்ளைத் திட்டு விழும், பளபளக்காத மேட் சன்போர்டு (லேசான ஃபோம் பலகை) வாங்குங்கள்.

இலவசமாக "டைனமிக்" க்யூஆர் செய்து தரும் தளங்கள் தங்கள் முகவரி வழியாகத்தான் உங்கள் ஆல்பத்துக்குத் திருப்பிவிடும். சோதனைக் காலம் முடிந்ததும் அதை நிறுத்திவிடுவார்கள். இரண்டு மாதம் முன்னாடி அடித்த பத்திரிகையில் கல்யாணத்தன்று "காலாவதி" என்று வரும். உங்கள் லிங்க்கையே நேரடியாக உள்ளே வைத்திருக்கும் ஸ்டாடிக் க்யூஆருக்குக் காலாவதி கிடையாது.

கடைசியாக, மொய். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் கூகுள் பே, போன்பே க்யூஆர் அச்சிட்டது செய்தியானது. இப்போது க்யூஆர் பலகை என்றாலே ஜனங்கள் கை பணச் செயலிக்குத்தான் போகும். அந்தச் செயலி எதிர்பார்ப்பது "யுபிஐ" என்று தொடங்கும் வரியை, உங்கள் ஆல்பம் வலைமுகவரி. "இந்த க்யூஆர் செல்லாது" என்று வரும். மொய் மேஜைக்கு அருகில் வைத்தால் இரண்டும் குழம்பும். "போன் கேமராவில் ஸ்கேன் செய்யுங்கள்" என்று க்யூஆரைவிடப் பெரிய எழுத்தில் தமிழில் போடுங்கள்.

பந்திக்காரன்:
மாலைச் சரம், மொய் மேஜை ரெண்டும் சரி, ஒத்துக்கிறேன். ஆனா நெட்வொர்க்? எழுநூறு போன் ஒரே டவரில். 20 படம் 80 எம்பி, அதாவது 640 மெகாபிட். நொடிக்கு 2 மெகாபிட் கிடைத்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் திரை அணைந்தால் உலாவியில் அப்லோடு நின்றுபோகும். இலையில் சாம்பார் ஊற்றுகிறார்கள், எவன் திரையைத் தொட்டுக்கொண்டே இருப்பான்? வாட்ஸ்அப் பின்னணியில் தானே அனுப்பிவிடும்.

ஸ்கேன்சாமி:
மண்டபத்தில் போடச் சொல்லாதீங்க. தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு விசிட்டிங் கார்டு அளவு சீட்டு, அதில் க்யூஆர், "பத்து நாளுக்குள் போடுங்கள்" என்று ஒரு வரி. வீட்டில் உட்கார்ந்து வைஃபையில் போடுவார்கள். சீட்டைக் காகிதத்தில் அடியுங்கள், குங்குமமும் ஈரத் தேங்காயும் படாமல் சின்ன கவரில் போடுங்கள். பலகை வைத்தே தீரணும் என்றால் மேடைக்கு நிற்கிற வரிசை ஓரத்தில் வையுங்கள், கை சும்மா இருக்கிற ஒரே இடம் அது. பத்தாம் நாள் ரிக்வெஸ்டை மூடிவிடுங்கள்.

பந்திக்காரன்:
சீட்டுக்கு என் ஓட்டு. பலகைக்கு இல்லை. குரூப்பையும் விடமாட்டேன், சீட்டைத் தொலைக்கிறவர்களுக்கு லிங்க்கை அதில்தான் போடணும்.

வாசல்காவல்:
சீட்டு என்றால் எனக்கும் சம்மதம், உள்ளே வந்து போகிறவர்கள் கையில் அது போகாது. ஆனால் வந்த படங்களை எல்இடி திரையில் உடனுக்குடன் ஓடவிடும் யோசனை மட்டும் வேண்டாம். நடுவில் ஒருவர் பார்த்து அனுமதிக்கிற ஏற்பாடு இல்லாமல் அதைச் செய்தால், எவனோ ஒருத்தன் போட்ட கட்சி மீம் தாலி கட்டும் நேரத்தில் பத்தடி உயரத்தில் நிற்கும்.

மூன்றுகட்டம்:
அச்சுக்கு அனுப்பும் முன் சீட்டை அதே அளவில் ஒரு பிரதி எடுத்து மூன்று போனில் பாருங்கள், ஒன்று ஐந்தாறு வருஷம் பழைய ஆண்ட்ராய்டாக இருக்கட்டும். உங்கள் கணக்கு லாகின் ஆகாத போனிலிருந்து ஒரு படமும் ஒரு வீடியோவும் போட்டு, அது வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு 500 சீட்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.