திருவிருந்து ஞாயிறன்று நான் வேப்பமரத்தடியில் நிற்கிறேன்

பின்வரிசைக்காரன் கேட்டது:

வயது 54. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துச் சபை. ஆறு ஆண்டுகளுக்கு முன், சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையின் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கியபோது அந்தப் பணத்திலிருந்து 18,500 ரூபாய் எடுத்தேன். நான்கு மாதத்தில் முழுவதையும் திருப்பி வைத்துவிட்டேன். பண்டிகைக்கு அரிசியும் ஆட்டுக்கறியும் வழக்கம்போல் வாங்கினோம், கணக்கும் காசு பிசகாமல் நின்றது. யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு முறைகூட நான், அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் கலந்துகொள்ளவில்லை. பிரசங்கம் முடிந்ததும் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் பைக்குகளுக்குக் காவல் இருப்பவனைப்போல நின்றுகொள்வேன். தகுதியில்லாதபடி புசிப்பதை ‘அபாத்திரமாய்’ என்று அப்போஸ்தலன் பவுல் எழுதிய அந்த ஒரு சொல் என்னை விரட்டுகிறது (1 கொரிந்தியர் 11:27). அடுத்த மாதம் இளைய மகளுக்குத் திடப்படுத்தல், அதன் பிறகுதான் திருவிருந்து எடுக்கலாம். பேராயர் வருகிறார். முதல் திருவிருந்துக்கு அப்பா பக்கத்தில் முழங்காலிட வேண்டும் என்கிறாள்.

கர்த்தருக்குப் பயப்படுவதுதானே ஞானத்தின் ஆரம்பம்? அப்படியானால் என் பயம் சரியானதுதானா?

ஒலிவக்கன்று:

சரியான பயம்தான். சபைப் பணம் சபைப் பணமே. முதலில் உங்கள் சபைப் போதகரான ஐயரிடம் போய்ச் சொல்லுங்கள், பந்தியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். அனனியா, சப்பீராள் கதை சும்மா எழுதப்படவில்லை.

உபதேசியார் வீட்டம்மா:

தம்பி, ஒலிவக்கன்று உங்களை ஐயரிடம் போகச் சொன்னது சரி. அனனியாவை இழுத்ததுதான் சரியில்லை. அவன் பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துவிட்டு, எல்லாவற்றையும் கொடுத்தவனைப்போல அப்போஸ்தலர் முன் வந்து நின்றான். நீங்கள் வேஷம் போட முடியாமல் மரத்தடியில் நிற்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

என் இரண்டாவது மகன் எட்டு வயதில் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியை உடைத்துவிட்டான். அடி விழும் என்று பயந்து, கிழிந்த உள்ளங்கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மூன்று நாள் திரிந்தான். இடது கையால் சோறு சாப்பிட்டபோதுதான் பிடித்தேன். சீழ் வைத்திருந்தது. அந்தக் கண்ணாடி என்ன பெரிய விலை! என்னிடம் அவன் மறைத்தது கையை. இன்றும் அந்தத் தழும்பைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, விளக்குக்காக அல்ல.

நீங்கள் 27ஆம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிட்டீர்கள். அடுத்த வசனத்தைப் படியுங்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் ‘புசித்து’ என்றிருக்கிறது. சோதித்தறிந்து வெளியே போகக்கடவன் என்று பவுல் எழுதவில்லை. ‘அபாத்திரமாய்’ என்பதும் ஆளைப் பற்றிய சொல் அல்ல, புசிக்கும் விதத்தைப் பற்றியது. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பவுலின் கோபம் அதன்மேல்தான். பந்தியின் கீழே விழும் துணிக்கைகளுக்கும் தகுதியற்றவர்கள் என்று நாம் எல்லாரும் சேர்ந்து ஜெபித்துவிட்டுத்தானே எழுந்து போகிறோம்? நீங்கள் சீக்கிரமே வெளியே போய்விடுவதால் அந்த ஜெபம் மறந்துவிட்டது போலிருக்கிறது.

பேதுருவையும் பாருங்கள். லூக்கா 5இல் வலை கிழியும் அளவுக்கு மீன் பட்டதும், நான் பாவி, என்னைவிட்டுப் போய்விடும் என்கிறான். யோவான் 21இல் அதே ஆள், இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பிறகு, கரையில் நிற்பது ஆண்டவர் என்று கேட்டதும் மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறான். ஆதாம் நிர்வாணி என்று மரங்களுக்குள் ஒளிந்தான். இவனும் வஸ்திரமில்லாமல்தான் இருந்தான். கரைக்கு இருநூறு முழம். படகு போய்ச் சேரும்வரை பொறுக்கவில்லை.

கரையில் கரிநெருப்பு. மறுதலித்த இரவில் அவன் குளிர்காய்ந்ததும் கரிநெருப்பின் அருகில்தான். ஆண்டவர் அங்கே முதலில் விசாரணை வைக்கவில்லை. “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்றார். “என்னை நேசிக்கிறாயா” என்று கேட்டதெல்லாம் சாப்பிட்ட பிறகு.

கடற்கரைக் கத்தோலிக்கன்:

எங்களுக்குக் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. அதற்கும் ஒன்பது ஆண்டுகள் போகாமல் இருந்தவன் நான், ஆகவே பெருமை பேச வரவில்லை. விலகி ஒளிய வைக்கும் பயம், நெருங்கி வர வைக்கும் பயம் இரண்டும் யாத்திராகமம் 20:20இல் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. சீனாய் மலையடியில் நடுங்கும் ஜனங்களிடம், பயப்படாதிருங்கள் என்கிறார் மோசே. உடனேயே, தேவபயம் உங்களுக்குமுன் இருக்கும்படி தேவன் எழுந்தருளினார் என்கிறார். அதே மலை, அதே இடி, அதே புகை. ஜனங்கள் தூரத்தில் நின்றார்கள், மோசே கார்மேகத்தின் அருகே போனார். பயம் எந்தப் பக்கம் நடக்க வைக்கிறது என்று பார்த்தால் பெயர் தெரிந்துவிடும்.

பின்வரிசைக்காரன்:

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்றிரவு மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் கோழிக்கூட்டை அடைத்துவிட்டு வந்தாள். “நாலு மாதத்துக்கு வட்டி கொடுத்தீர்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அதையும் எடுத்துக்கொண்டு போங்கள், நானும் வருகிறேன்” என்றாள்.

ஐயர் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை. வயிற்றைக் கலக்குகிறது.