பதுளைப் பக்க வாசலுக்குக் கிலுகிலுப்பை

வெளிநாட்டில் இருக்கும் அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

வாசலில் கிலுகிலுப்பை விதை போடும்படி, சித்திரை மழைக்கு முன் இலங்கையில் ஊரில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். பதுளை, பசறை, எல்லப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை காற்றும் வரட்சியும்தான். அந்த நாட்களில் வண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பூக் கொடுக்கக் கிலுகிலுப்பை நல்ல செடி. நான் சொல்வது நீல ஊதாப் பூவும் நாலு மூலைத் தண்டும் உள்ள காட்டு இனம். நுவரெலியாக் குளிருக்கு இது சரிவராது.

காய் பழுப்பாகிக் குலுக்கினால் சத்தம் வரும்போது விதை எடுங்கள். தோல் கெட்டி, அப்படியே போட்டால் பாதி முளைக்காது. உப்புத்தாளில் மினுக்கம் போகும்வரை தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். ஊறிப் பருக்காத விதையை மறுபடி தேய்க்க வேண்டும்.

ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். நல்ல வெயில் படும் சரிவில் 50 சென்ரிமீற்றர் இடைவிட்டு, குழிக்கு 3 விதை, 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் போட்டு, பிறகு திடமான ஒன்றை மட்டும் விடுங்கள். வேர் பிடித்த பின் தண்ணீரை நிறுத்துங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும். தேயிலைக்குப் போட்ட யூரியா மிச்சம் இருந்தாலும் இதற்கு வேண்டாம். வேரிலுள்ள சிறு முடிச்சுகளே காற்றிலிருந்து நைதரசன் பிடிக்கும். யூரியா போட்டால் இலைதான் தழைக்கும், பூ குறையும். முடிச்சை நசுக்கிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது.

பூவைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கருவண்டு (மரம் துளைக்கும் பெரிய கரிய தேனீ) வந்து அமர்ந்ததும் அதன் பாரத்தில் கீழிதழ் தாழ்ந்து, மூக்குப் போன்ற நுனியால் மகரந்தம் பிதுங்கி வண்டின் வயிற்றில் ஒட்டும். சின்னத் தேனீக்கு அவ்வளவு பாரம் இல்லை. அதனால் பட்ட மரக்கொப்பு ஒன்றை வேலியில் விட்டுவையுங்கள், கருவண்டு துளைத்துக் கூடு கட்டும்.

வெட்டிய கொப்பையும் எறிய வேண்டாம். வாடிய இலையிலுள்ள நச்சுச்சத்தை உறிஞ்ச நீலவரி வண்ணத்துப்பூச்சியின் ஆண்கள் கூட்டமாக வரும். பெண்ணைக் கவரும் மணத்துக்கு அவற்றுக்கு அது தேவை. காயைப் புழு துளைத்தால் கையால் எடுங்கள். மருந்தடித்தால் வண்டும் சாகும்.

அதே நச்சு மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஈரலைக் கெடுக்கும். பட்டிக்குப் பக்கத்தில் நட வேண்டாம், புல்லுக்கட்டில் ஒரு கொப்பும் கலக்கக் கூடாது. பிள்ளைகள் காயைக் குலுக்கி விளையாடலாம், வாயில் வைக்க விடாதீர்கள். அவுஸ்திரேலியாவில் இருப்பவர்கள் விதையைத் தபாலில் கேட்காதீர்கள். அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.