சற்றே நகர்த்தி அணைத்த கார் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை: பெட்ரோல் மிகுந்துவிட்டதா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது பதினோரு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், கையால் கியர் மாற்றுவது, சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்வது. இரவு முழுவதும் நின்றிருந்த வண்டியை இன்று காலை ஸ்டார்ட் செய்து, பின்னால் நின்ற வண்டிக்கு வழி விடுவதற்காக ஒரு வண்டி நீளம் மட்டும் முன்னே நகர்த்தி, உடனே அணைத்துவிட்டேன். எஞ்சின் அரை நிமிடம்கூட ஓடியிருக்காது. ஒரு மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகினால் செல்ஃப் எடுக்கிறது, எஞ்சின் பற்றவில்லை. வழக்கமாகக் கேட்கும் திணறல் இல்லாமல், சுமையே இல்லாததுபோல் விறுவிறுவென்று சுற்றுகிறது என்பதுதான் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை நாலைந்து முறை மிதித்துப் பார்த்தேன். இப்போது புகைக்குழாய்ப் பக்கம் போனால் பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கிறது. பேட்டரி போன ஆண்டுதான் மாற்றியது.

டைமிங் பெல்ட் அறுந்திருக்குமோ என்ற அச்சம் ஒரு பக்கம். தொடர்ந்து செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் கருகிவிடுமோ என்ற அச்சம் மறுபக்கம். தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா, அல்லது கை வைக்காமல் காத்திருக்க வேண்டுமா?

பதில் 1

நீங்கள் எழுதியிருப்பதில் பாதி விடை இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அது சூடேறுவதற்கு முன்பே அணைப்பதுதான் பெட்ரோல் மிகுவதற்கு மிகச் சாதாரணமான காரணம். முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. ஆனால் குளிர்ந்த சிலிண்டருக்குள் பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. ஒரு பகுதி சுவரில் திரவமாகவே படிந்துவிடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, எஞ்சினை இயக்கும் கணினி முதல் சில நொடிகளில் தேவைக்கு மேல் பல மடங்கு பெட்ரோலைத் தெளிக்கிறது. எஞ்சின் தொடர்ந்து ஓடினால் அது எரிந்து தீர்ந்துவிடும். அரை நிமிடத்தில் அணைத்தால் உள்ளேயே தங்கிவிடும். அடுத்த முறை சாவியைத் திருகும்போது, எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதால், அதே அளவு மறுபடியும் தெளிக்கப்படும். நனைந்த ஸ்பார்க் பிளக்கில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகாமல், பீங்கானின் ஈரத்தின் வழியே கசிந்து போய்விடுகிறது. பொறி இல்லை, ஆகவே எரிதல் இல்லை. எரியாததால் ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் ஈரம் கூடுகிறது.

விறுவிறுவென்று சுற்றுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே காற்றை அடைத்து நிற்பதில் ஆயில் படலத்துக்கும் பங்கு உண்டு. மிகுந்த பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவிவிட்டால் அமுக்கம் குறைந்து, மோட்டாருக்குச் சுமை தெரிவதில்லை. டைமிங் பெல்ட் அறுந்தாலும் இதே சத்தம்தான் கேட்கும் என்பதால் உங்கள் அச்சம் வீணானதல்ல. வால்வு கவரில் உள்ள ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவைத்து, இன்னொருவரை ஒரு நொடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லி உள்ளே பாருங்கள். டைமிங் பெல்ட் சுழற்றுவதும் வால்வுகளைத் திறந்து மூடுவதுமான கேம் ஷாஃப்ட் சுழல்வது, பல எஞ்சின்களில் அந்த வழியாகக் கண்ணுக்குத் தெரியும். சுழன்றால் பெல்ட் அறுந்துபோகவில்லை. சுழலவில்லை என்றால் இனி சாவியைத் தொடாதீர்கள், மெக்கானிக்கை அழையுங்கள்.

பெல்ட் நன்றாக இருந்தால், பானெட்டைத் திறந்துவைத்து இருபது நிமிடம் வண்டியை விட்டுவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே சாவியைத் திருகுங்கள். முழு மிதிப்புடன் செல்ஃப் எடுக்கும் எஞ்சினுக்கு இன்ஜெக்டர்கள் வழியே பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்ற ஏற்பாடு, இன்ஜெக்ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றின் கணினியில் உண்டு. காற்று நுழையும் வாசலான த்ராட்டில் முழுவதும் திறந்திருப்பதால் காற்று மட்டும் உள்ளே போய், மிகுந்திருக்கும் பெட்ரோலை அள்ளிக்கொண்டு வெளியேறும். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் சுற்ற வேண்டாம். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள், ஸ்டார்ட்டர் மோட்டாரின் சூடு அப்போதுதான் தணியும். முதலில் ஒன்றிரண்டு சிலிண்டர் மட்டும் பற்றித் திக்கும். அந்த நேரத்தில் பயந்து காலை எடுக்கக் கூடாது. வேகம் ஏறத் தொடங்கியதும் மெல்லத் தளர்த்துங்கள், இல்லையென்றால் எஞ்சின் அலறும். மூன்று நான்கு தடவைக்குப் பிறகும் பற்றவில்லை என்றால், ஒருமுறை மிதியே தொடாமல் வழக்கம்போல் முயன்று பாருங்கள்.

ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டோமே என்று வருந்த வேண்டாம். ஒவ்வொரு மிதிப்புக்கும் பெட்ரோலைப் பீச்சும் சிறு பம்ப், பழைய வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்த கார்புரேட்டரில்தான் இருந்தது. அணைந்து நிற்கும் இன்ஜெக்ஷன் எஞ்சினில் மிதிப்பதால் பெட்ரோல் தெளிக்கப்படுவதில்லை. பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்போர் சோக்கை முழுவதும் திறந்துவிட்டு, மிதியை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஏற்றி இறக்கினால் மேலும் நனையும்.

பதில் 2

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். இருந்தாலும் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: வண்டி அண்மையில் தேங்கிய நீரில் நின்றதோ, நீரைக் கடந்து வந்ததோ உண்டா? அப்படியானால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். நீர் அமுங்காது, சிலிண்டருக்குள் அது புகுந்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டன் முட்டி நின்று, கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. ஈரம் இருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துச் செல்லத்தான் வேண்டும்.

பதில் 3

தள்ளி ஸ்டார்ட் செய்யும் எண்ணத்தைக் கைவிடுங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன். இப்போது உங்கள் புகைக்குழாய்ப் பாதையில் எரியாத பெட்ரோல் இருக்கிறது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. எஞ்சின் பற்றும் கணத்தில் அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கானை உருக்கிவிடலாம். தள்ளி ஸ்டார்ட் செய்யும்போது, கியரில் வண்டி நகர்ந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும். அத்தனை நேரமும் பெட்ரோல் தெளிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். இந்த முறை பலவீனமான பேட்டரிக்கான மருந்து, நனைந்த பிளக்குக்கு அல்ல.

மிதியை அழுத்தும் முறையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு: எல்லா வண்டியிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது என்று நம்பிவிட முடியாது, கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. அது இல்லாத வண்டியில் பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸையோ ரிலேயையோ கழற்றிவிட்டுச் செல்ஃப் அடித்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான். குழாயில் எஞ்சியிருக்கும் அழுத்தம் தீர்ந்ததும் பெட்ரோல் வருவது நின்றுவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றத்தான் வேண்டும். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பிளக் பொருந்தியிருக்கும் அலுமினிய சிலிண்டர் தலை சூடாக இருக்கும்போது திருகினால் மரை கெடும். கழற்றும் முன் பிளக் குழிகளில் உள்ள தூசியை ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். முனை ஈரமாக, பெட்ரோல் மணத்தோடு இருந்தால் சந்தேகம் தீர்ந்தது; கருங்கரி பிடித்திருந்தால் நோய் பழையது என்று பொருள். துணியால் துடைத்து, காற்றில் உலர விடுங்கள். தீயில் வாட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு, பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் அது விபரீதம். பிளக்குகள் வெளியே இருக்கும்போது சில நொடி செல்ஃப் அடித்தால் துளை வழியாகப் பெட்ரோல் மூடுபனிபோல் பீறிடும். ஆகவே அதற்கு முன் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷன் காயில்களின் இணைப்புகளையும் கழற்றியே ஆக வேண்டும், முகத்தை அருகே கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும், பானெட்டுக்குள் தீப்பிடிக்க. திரும்பப் பொருத்தும்போது முதலில் விரலால் மரையேற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. வண்டி நீரில் நிற்கவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியும் உலர்ந்தே இருந்தது. ஆயில் மூடி வழியாகப் பார்த்தபோது கேம் ஷாஃப்ட் சுழன்றது, பாதி உயிர் அப்போதே திரும்பி வந்தது. இருபது நிமிடம் காத்திருந்து மிதியை முழுவதும் அழுத்தி முயன்றதில், முதல் இரண்டு தடவை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை நொண்டியபடி பற்றி, கரும்புகையைக் கக்கி, ஒரு நிமிடத்தில் சீரானது. இந்த முறை அணைக்காமல் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தேன். ஆறிய பிறகு டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால், ஆயில் மட்டம் சென்ற மாதத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கிறது. லேசாகப் பெட்ரோல் மணமும் வருகிறது. இதற்கு ஏதேனும் செய்ய வேண்டுமா? வேறு எதையாவது மாற்ற வேண்டுமா?

பதில் 4

ஆயிலை மாற்றிவிடுங்கள், அடுத்த சர்வீஸ் வரை காக்க வேண்டாம். சிலிண்டர் சுவரிலிருந்து வழிந்த பெட்ரோல் ஆயிலில் கலந்து அதன் பிசுபிசுப்பைக் குறைத்திருக்கும். சிறிதளவு என்றால் நீண்ட ஓட்டத்தின் சூட்டில் ஆவியாகிப் போகும், ஆனால் முக்கால் மணி நேரம் ஓட்டிய பிறகும் மட்டம் உயர்ந்து மணமும் இருக்கிறது என்றால் அளவு சிறிதல்ல.

பாகங்களைப் பொறுத்தவரை, இது ஒரே ஒரு தடவை, அதுவும் அரை நிமிட ஓட்டத்துக்குப் பிறகு நேர்ந்தது என்பதால், பிளக்குகளின் வயதைப் பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். தேய்ந்த பிளக்கின் பொறி, ஈரத்தின் முன் முதலில் தோற்கும். ஒழுங்காக ஓட்டி அணைத்த பிறகும் மறுபடி இப்படி நடந்தால் கூலன்ட் வெப்பநிலை சென்சாரைச் சோதியுங்கள். அதன் மின்தடை குளிரில் உயர்ந்தும் சூட்டில் தாழ்ந்தும் இருப்பது இயல்பு. பல வண்டிகளில் 20 டிகிரி செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்கும். சென்சார் பழுதானாலோ இணைப்பில் களிம்பு பிடித்தாலோ மின்தடை கூடி, எஞ்சின் சூடாக இருந்தாலும் குளிர்ந்திருக்கிறது என்றே கணினி நம்பி, பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். அடுத்தது ஒழுகும் இன்ஜெக்டர். சூடான வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் திணறினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெற்றிடக் குழாய் இணைந்த ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டர் உங்கள் வண்டியில் இருந்தால், அந்தக் குழாயை உருவிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் தெரிந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது.

இனிமேல் வண்டியைச் சற்றே நகர்த்த நேர்ந்தால், அணைக்கும் முன் ஐடிலிங் வேகம் இறங்கும் வரை ஓடவிடுங்கள். சமதளமாக இருந்து உதவிக்கு ஆளும் இருந்தால், ஸ்டார்ட் செய்யாமல் கையால் தள்ளிவிடுவது அதைவிட எளிது.