ஆடு மேய்கிறது, உடம்பு ஏறவில்லை: குடற்புழுவோடு நாங்கள் பட்ட பாடு

கரிசல்காட்டான் (விளாத்திகுளம் பக்கம், வேம்பூர்ச் செம்மறி 42 உருப்படி)

வணக்கம். போன வருடம் ஐப்பசி, கார்த்திகையில் என் பட்டியில் நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே சொல்லுங்கள்.

மழை நன்றாகப் பெய்து கண்மாய்க் கரை முழுக்கப் புல். தீவனச் செலவு மிச்சம் என்று சந்தோஷமாக, காலை ஆறரைக்கே ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விடுவேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் வயிறு நிறைய மேய்கிற ஆட்டுக்கு முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. சாயங்காலம் பட்டிக்குத் திரும்பும்போது நாலைந்து ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி தொங்கும், விடிந்தால் வடிந்திருக்கும். ஒருவர் பனி பிடித்துவிட்டது என்றார், இன்னொருவர் பூச்சி கடித்திருக்கும் என்றார். குடற்புழுவாக இருக்குமோ என்று எனக்கும் தோன்றியது, ஆனால் கழிச்சல் இல்லையே, புழுக்கை கல்லு மாதிரி இருக்கிறதே என்று நானே அதைத் தள்ளிவிட்டேன். பூச்சி மருந்தும் ஆவணியில்தான் ஊற்றியிருந்தேன். சரி, சத்துக் குறைவுதான் என்று சோளமும் பருத்திக்கொட்டையும் வைத்தேன்.

மூன்றாவது ஆடு செத்ததும் கால்நடை டாக்டர் வந்து அறுத்துப் பார்த்தார். ஆட்டுக்கு வயிறு நாலு அறை, அதில் நாலாவது வயிற்றைக் கீறி விரித்தபோது உள்ளே அசைவது தெரிந்தது, சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கின மாதிரி, ஒவ்வொன்றும் ஓர் அங்குல நீளம்கூட இருக்காது. சிவப்பு அது குடித்த ரத்தம், வெள்ளை அதன் முட்டைக் குழாய் என்றார். ஹீமாங்கஸ் என்று பெயராம். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும், ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 30 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே இரண்டு லிட்டர் ரத்தம்தான். கணக்கைக் கேட்டதும் நான் பட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் புழு ரத்தத்தைத்தான் குடிக்கும், கழிச்சல் வர வேண்டும் என்று கட்டாயமே இல்லையாம். ரத்தத்தில் புரதம் குறைந்துபோவதால் தாடையில் நீர் கோர்க்கிறது. தலையைத் தொங்கப்போட்டு மேய்கிற பகலில் நீர் இறங்குகிறது, ராத்திரி தலை தூக்கிப் படுத்தால் வடிந்துவிடுகிறது. இதை ஒரு மாதம் முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

---

பட்டிக்காரி (மேட்டூர் பக்கம், மேச்சேரிச் செம்மறி 15)

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. காலை ஆறரைக்குப் பத்தினீர்கள் பாருங்கள், அங்கேதான் வினையே. புழுக்கையில் விழுந்த முட்டை, ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் குஞ்சுப் புழுவாகிப் பனித்துளியோடு சேர்ந்து புல்லில் ஏறி நிற்கும். பெரும்பாலும் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்துக்குள்தான் இருக்கும். செம்மறி தரையோடு தரையாகக் கரம்புகிற ஜாதி, வெள்ளாடு மாதிரி தழை தேடி எட்டாது. அதனால் நாங்கள் மழைக்காலத்தில் ஒன்பதரை, பத்து மணிக்குமேல்தான் திறந்துவிடுவோம். அதுவரை பட்டியிலேயே காய்ந்த சோளத்தட்டு, கடலைக்கொடி.

என் கதை வேறு. இரண்டு வருடம் முன்பு குட்டிகளின் புழுக்கையில் வெந்த அரிசி மாதிரி வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தன. அதைப் பார்த்துப் பதறி நாடாப்புழு மருந்துக்கு அலைந்தேன். நாடாப்புழு கண்ணுக்குத் தெரிவதால் நாம் அதையே பிடித்துக்கொள்கிறோம், ஆட்டைக் கொல்லுகிற புழுவின் முட்டை கண்ணுக்கே தெரியாது. சாணிப் பரிசோதனை செய்தபோதுதான் தெரிந்தது, குட்டிகளைவிட ஈன்று மூன்று வாரமான தாய் ஆடுகளிடம்தான் முட்டை எக்கச்சக்கம். ஈனும் சமயத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், அப்போது உள்ளே இருக்கிற பெட்டைப் புழு ஒவ்வொன்றும் நாளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் முட்டை போட்டுத் தள்ளும். இரண்டு மாதத்தில் குட்டி புல் கடிக்கப் பழகும்போது அம்மா விதைத்து வைத்ததைத்தான் முதலில் தின்கிறது.

இப்போது சினை ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரமும் ஈன்ற பிறகு ஆறு வாரமும் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கலந்து தினம் 200 கிராம் வைக்கிறேன், அதோடு வேலிமசால், அகத்தி. சோளம் வைத்தீர்களே அண்ணா, அது மாவுச்சத்து. புழு பிடுங்குவது புரதத்தை. மருந்து வாங்குகிற காசைவிட இதற்குக் கூடத்தான் ஆகிறது, மறைக்கவில்லை.

---

கீதாரி வீட்டுப் பையன் (சிவகங்கை)

அப்பா காலத்திலிருந்து கிடை போடுகிற குடும்பம் எங்களுடையது. தைக்குமேல் சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் இறங்குவோம். ராத்திரி வயலில் ஆட்டை அடைத்தால் வயல்காரருக்கு எரு, எங்களுக்குக் கூலி, பகலில் தாள் மேய்ச்சல். கேட்க நன்றாகத்தான் இருக்கும். வாய்க்கால் வற்றுகிற சமயத்தில் ஓரத்துப் புல் மட்டும் பச்சையாக நிற்கும், ஆடு அங்கேதான் ஓடும், அங்கேதான் நத்தையும். நத்தையிலிருந்து வெளியேறுகிற தட்டைப்புழுக் கூடு அந்தப் புல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு வருடம், பத்தே நாளுக்குள் பதினோரு ஆடு செத்தது. எங்களுக்குக் கழிச்சல் இருந்தது அண்ணே, தண்ணீராக, நாற்றம் தாங்காது, வாலெல்லாம் ஒட்டிப்போய். ஆடு தண்ணீரைக் கண்டால் விடாமல் குடிக்கும். புழுக்கையைக் கொண்டுபோய்ச் சோதித்தால் முட்டை இல்லை என்றார்கள். ஏனென்றால் கெடுதல் செய்வது பருவத்துக்கு வராத குஞ்சுப் புழு, அது இன்னும் முட்டை போடவே ஆரம்பித்திருக்காது. சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு அரித்துவிட்டு, வளர்ந்த பிறகுதான் முதல் வயிற்றுக்கு ஏறும். ஒரு சித்தப்பா அந்தக் கழிச்சலை ஒரு ஈயத் தட்டில் பிடித்துத் தண்ணீர் விட்டு அலசினார், அடியில் இளஞ்சிவப்பாக எள்ளளவு புழுக்கள் தங்கின. அதைப் பார்த்த டாக்டர்தான் வழக்கமான பூச்சி மருந்தான அல்பெண்டசோலை நிறுத்திவிட்டு, தட்டைப்புழுவுக்கான ஆக்சிக்ளோசனைடு எழுதிக்கொடுத்தார். அப்புறம்தான் சாவு நின்றது.

வீட்டில் இன்னும் பழைய மருந்தும் உண்டு. வேப்பிலை, தும்பை, பாகற்காய், சீரகம், மிளகு, பூண்டு எல்லாம் அரைத்துப் பனைவெல்லத்தில் உருட்டி, உப்பைத் தொட்டு நாக்கில் தடவி அம்மா கொடுப்பார்கள். ஆடு கொஞ்சம் சுறுசுறுப்பாவதைப் பார்த்திருக்கிறேன். தாடை வீங்கின ஆட்டுக்கு அதை நம்பி உட்கார மாட்டேன்.

---

பெயர் வேண்டாம் (புதுக்கோட்டை மாவட்டம்)

என் தப்பைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். தாடை வீக்கத்துக்குக் க்ளோசான்டல் என்கிற பூச்சி மருந்து கேட்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கி வந்து எடை பார்க்காமல் கண்ணளவில் ஊற்றினேன். துப்பிவிட்டது போலிருக்கிறதே என்று மறுநாளும் ஊற்றினேன். பிறகு கணக்குப் போட்டால் அளவுக்கு நாலு மடங்கு போயிருக்கிறது. இரண்டு ஆடு சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. கருமணி விரிந்து, விரலைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோனாலும் இமைக்கவில்லை. பார்வை திரும்பவே இல்லை. ஒன்று இன்னும் பட்டியில் இருக்கிறது, மணிச் சத்தத்தை வைத்துக் கூட்டத்தோடு நடக்கும்.

---

பழைய மருந்துப்பை (கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன்)

தம்பி, நீங்கள் எழுதியது நல்லது, நாலு பேர் தப்பிப்பார்கள்.

நான் பார்த்தவரை பாதி இடத்தில் புழுவை நாமே பழக்கிவிட்டோம். ஒரே மருந்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலண்டர் பார்த்து, மொத்தப் பட்டிக்கும், அதுவும் குறைவாக. சாகாத புழு மட்டும் தங்கி அது பெருகுகிறது. இன்னொன்றும் செய்வார்கள், மருந்து ஊற்றிய கையோடு புதுக்காட்டுக்கு மாற்றுவார்கள். சுத்தமான காடு, மருந்துக்குச் சாகாத புழு, கூடப் போட்டி போட வேறு புழு கிடையாது. அந்தக் காடே பாழ். கொழுத்த, கீழிமை உள்ளே சிவப்பாக இருக்கிற ஆடுகளை மருந்து ஊற்றாமல் விட வேண்டும் என்று நான் சொன்னால் அந்தக் காலத்தில் சிரிப்பார்கள். அவற்றிடம் இருக்கிற கொஞ்சம் புழு மருந்துக்குச் சாகிற ஜாதி, அது காட்டில் கலந்திருப்பது நமக்கு நல்லது.

கீழிமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள், நிழலில் வேண்டாம், வெளிச்சத்தில். தென்னாப்பிரிக்காக்காரர்கள் இதற்கு ஃபமாச்சா என்று ஐந்து நிற அட்டையே செய்து வைத்திருக்கிறார்கள். சிவப்பு ஒன்று, காகித வெளுப்பு ஐந்து. நாலும் ஐந்தும் கட்டாயம் மருந்து, மூன்று சந்தேகம், குட்டியோ சினையோ என்றால் ஊற்றிவிடலாம். ஆனால் இது ரத்தம் குடிக்கிற புழுவுக்கான பார்வை, எல்லாப் புழுவையும் காட்டிக் கொடுக்காது.

மருந்தை முன்வாயில் ஊற்றினால் நேரே நாலாவது வயிற்றுக்கு வழுக்கிப் போய்ச் சீக்கிரம் வெளியேறிவிடும். நாக்குக்குப் பின்னால் ஊற்றுங்கள். தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், நுரையீரலுக்குப் போகும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம்.

---

கரிசல்காட்டான்

ஐயா, நன்றி. அந்த "குறைவாக" என்கிற வார்த்தை எனக்குத்தான். அன்றைக்கே தொங்கு தராசு இரவல் வாங்கி, சாக்கில் கட்டித் தூக்கினேன். 22 கிலோ என்று நான் நினைத்த ஆடு 31 கிலோ. நான் ஊற்றிவந்த பூச்சி மருந்துக்கு எங்கள் டாக்டர் சொன்னது கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், பாட்டில் 2.5 சதவீதம், அதாவது 9 மில்லிக்கு மேல் போயிருக்க வேண்டும். நான் ஆண்டாண்டாக எல்லாவற்றுக்கும் 5 மில்லி, ஒரே மூடி அளவு. சரியான அளவு ஊற்றி, இரண்டு வாரம் கழித்துச் சாணியைக் கொடுத்தால் முட்டை பாதிகூடக் குறையவில்லை. அப்புறம் டாக்டர் லெவமிசோல் என்கிற வேறு மருந்துக்கு மாற்றினார், இறங்கியது.

தங்கச்சி சொன்னபடி பிண்ணாக்கு ஆரம்பித்தாயிற்று, எல்லாவற்றுக்கும் கட்டுப்படி ஆகாது, சினை ஆட்டுக்கும் குட்டிக்கும் மட்டும். மற்றவற்றுக்கு உடங்காய், அதாவது உடைமரத்துக் காய், பொறுக்கிப் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் மகளும் பட்டியில் நிற்கிறோம். நான் ஆட்டைத் தொடையிடுக்கில் பிடித்து இமையை இழுப்பேன், அவள் பார்த்துச் சொல்லுவாள். எண் எல்லாம் கிடையாது, அவளுக்கு மாதுளை, கொய்யா, தேங்காய், இவ்வளவுதான் நிறம். கொம்பொடிஞ்ச கிடா மூன்று வாரமாகத் தேங்காயில் நின்றது, நேற்று "கொய்யாப்பா" என்றாள்.