ஆரோக்கிய சேது இல்லீன்னா கம்பெனிக்குள்ள விட மாட்டாங்களாம், போடலாங்களா? போன் எனக்கும் பையனுக்கும் ஒண்ணுதான்

கோகிலா_பெருமாநல்லூர் | 7 மே 2020, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன் சமாச்சாரம் எனக்கு அவ்வளவாத் தெரியாது, தப்பாக் கேட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க.

பனியன் கம்பெனியில செக்கிங் வேலைங்க. கொரோனா ஊரடங்குனால ஒன்றரை மாசமா வீட்டுலதான். வர்ற திங்கக்கெழமை கொஞ்சம் ஆளுகளை வெச்சுத் தொடங்கறாங்களாம். சூப்பர்வைசர் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்புல சொல்லீட்டாரு: எல்லாரும் கொரோனாவுக்காக சர்க்காரு விட்ட ஆரோக்கிய சேது ஆப்பை ஏத்தி, ஆபத்தில்லைன்னு பச்சைக் கலர் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பேரோட குரூப்புலயே போடோணும். போடாதவங்க கேட்டைத் தாண்ட முடியாது.

ஊட்டுக்காரரு இல்லீங்க, நானும் பையனும்தான். போன் ஒண்ணே ஒண்ணு. பத்தாவது படிக்கிறான், பரீட்சை எப்பன்னு தெரியாம அதுலதான் பாடம் பாத்துக்கிட்டு இருக்கான். நான் வேலைக்குப் போனா போன் அவன்கிட்ட இருக்கும். அப்ப அந்த ஆப் பாக்கறது என்னையா, அவனையா?

இருக்கறது லைன் வீடு. எட்டு வீட்டுக்கும் ஒரே செவுரு. பக்கத்து வீட்டுல யாருக்காச்சும் வந்துட்டா எனக்கும் செவப்பு காட்டுமாங்க? போன மாசம் பக்கத்து வீதியில ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டித் தகரம் அடிச்சாங்க. அவங்களுக்கு நல்லாகி வந்தும் இன்னைக்கு வரைக்கும் பாலுக்கு நாலு வீதி தள்ளிப் போறாங்க.

இன்னொண்ணு, சொல்லலாமான்னு தெரியல. போன தீபாவளிக்கு போனஸ் லிஸ்டுன்னு எங்க நம்பரெல்லாம் அதே குரூப்புல போட்டாங்க. மூணு மாசம் ராத்திரி பத்து மணிக்கு மேல யாரோ "ஹாய்" அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. யாருன்னு இப்பவும் தெரியாதுங்க.

சரவணம்பட்டி_கோடர் | 7 மே 2020, இரவு 10.15

அக்கா, ஆப் என்ன செய்யுதுன்னு முதல்ல சொல்லிடறேன்.

மத்திய அரசோட தேசிய தகவல் மையம் ஏப்ரல் 2-ம் தேதி வெளியிட்டது. புளூடூத் ஆன்ல இருந்தா, பக்கத்துல வர்ற இன்னொரு ஆரோக்கிய சேது போனோட ஒரு அடையாள எண்ணை மாத்திக்கும், பின்னாடி ஒருத்தருக்குத் தொற்று வந்தா யாரெல்லாம் பக்கத்துல இருந்தாங்கன்னு கண்டுபிடிக்கறதுக்கு. அதோட ஜி.பி.எஸ். வெச்சு 15 நிமிஷத்துக்கு ஒருக்கா நீங்க இருக்கற இடத்தைக் குறிச்சு போனுக்குள்ளயே வெச்சுக்கும். உங்களுக்குத் தொற்று உறுதியானாலோ, அது கேக்கற உடம்புக் கேள்விகளுக்கு நீங்க சொல்ற பதில்ல சந்தேகம்னு மஞ்சள், ஆரஞ்சு வந்தாலோதான் அது சர்வருக்குப் போகும்னு அவங்க கொள்கையில இருக்கு. போன்ல இருக்கறது 30 நாள்ல அழியும். சர்வருக்குப் போனது, தொற்று இல்லாதவங்களோடதுன்னா 45 நாள். வந்து குணமானவங்களோடதுன்னா குணமானதுல இருந்து 60 நாள். பேரு, நம்பர், வயசு, ஆணா பெண்ணா, என்ன வேலைங்கறது மட்டும் பதிவு பண்ணுன உடனே போயிரும்.

எனக்குப் பிடிக்காதது ரெண்டு. சிங்கப்பூர்ல மார்ச்சுலயே வந்த ஆப் புளூடூத்தை மட்டும்தான் நம்புது, இடத்தைக் குறிக்கறதில்லை. இங்க ரெண்டும் வேணும்கறாங்க. அப்புறம், அந்த அடையாள எண் ஒருக்கா குடுத்தா மாறாது. ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து கொண்டு வர்ற முறையில சில நிமிஷத்துக்கு ஒருக்கா எண் மாறிட்டே இருக்கும், ஆளைத் தொடர்ந்து பிடிக்கறது கஷ்டம்.

இந்த வாரம் பிரான்ஸ்காரர் ஒருத்தர், இடத்தைப் பொய்யாக் காட்டி டெல்லியில பிரதமர் அலுவலகம் பக்கம் எத்தனை பேருக்கு உடம்பு சரியில்லைன்னு பாத்துட்டேன்னு சொன்னாரு. 500 மீட்டர், 1, 2, 5, 10 கிலோமீட்டர் சுற்றளவுக்கு எத்தனை பேருன்னுதான் காட்டும், அது ரகசியமே இல்லைன்னு அரசு தரப்புல பதில் வந்துச்சு. டெல்லிக்கு அந்தப் பதில் சரி. உங்க ஊருல 500 மீட்டருக்குள்ள ஒருத்தர்னு காட்டினா, அது யாருன்னு டீக்கடைக்கு அரை மணி நேரம் போதும்.

செவுரு சந்தேகம் நியாயமானது. புளூடூத்துக்குச் செங்கல் செவுரு பெருசாத் தடை கிடையாது, குறுக்க செவுரு இருக்குன்னு அதுக்குத் தெரியவும் தெரியாது. ரெண்டு வீட்டுக் கட்டிலும் ஒரே செவுத்தை ஒட்டிக் கெடந்தா, ராத்திரி முழுக்க ஒண்ணா இருந்தீங்கன்னு எழுதிக்கும். வீட்டுக்கு வந்ததும் புளூடூத்தை அணைச்சிருங்க. எப்பவும் ஆன்ல வெக்கச் சொல்லித்தான் அரசு சொல்லுது, நான் சொல்றது என்னோட யோசனை.

பொள்ளாச்சி_பெரியவர் | 8 மே 2020, காலை 6.05

ஏங்கண்ணு, ஊரெல்லாம் சீக்கு வந்து கெடக்குது, இப்பப் போயி ரகசியம் கிகசியம்னுட்டு. கேஸ் புக் பண்ண, ரேசன் மெசேஜ் பாக்க எல்லாத்துக்கும் நம்பர் குடுத்தாச்சு. சர்க்காருக்கு உன்ர பேரு தெரியாதா? போட்டுட்டு வேலைக்குப் போ சாமி. சோறு முக்கியம்.

கோகிலா_பெருமாநல்லூர் | 8 மே 2020, காலை 7.30

சரிங்கய்யா. தம்பி, வெவரமாச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க.

உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன். நேத்து மத்தியானமே ஏத்திட்டேனுங்க. சூப்பர்வைசர் குரூப்புலயே ஃபைலா அனுப்பியிருந்தாரு, அதைத் தொட்டு ஏத்தினேன். காண்டாக்ட் எல்லாம் பாக்கட்டுமா, மெசேஜ் படிக்கட்டுமான்னு கேட்டுச்சு, சரி சரின்னு அமுத்தினேன். ஆனா பச்சைக் கலரே வரலீங்க, வெள்ளையாச் சுத்திக்கிட்டே இருக்குது. அதனாலதான் இங்க வந்து கேட்டது.

கோபி_செல்சர்வீஸ் | 8 மே 2020, காலை 7.52

தங்கச்சி, மொதல்ல நெட்டை ஆஃப் பண்ணு. மிச்சம் பொறவு.

நிசமான ஆரோக்கிய சேது புளூடூத்தும் லொகேஷனும்தான் கேக்கும். மெசேஜ் படிக்கோணும்னு கேக்காது. மெசேஜ் கேக்குதுன்னா அதுக்கு வேண்டியது உன்ர பேங்க் ஓ.டி.பி. இந்த மாதிரி ஏ.பி.கே. ஃபைலு (பிளே ஸ்டோர் இல்லாம நேரா ஏத்தற ஆப்) கொரோனா பேரைச் சொல்லி ஊரெல்லாம் சுத்துது. சூப்பர்வைசரைத் திட்டாதே, அவருக்கும் எவனோ தாட்டி விட்டிருப்பான்.

இப்ப செட்டிங்ஸ் போயி செக்யூரிட்டியில "டிவைஸ் அட்மின்" பாரு. அந்த ஆப் பேருக்கு நேரா டிக் இருந்தா எடு, அதை எடுக்காம அழிக்க முடியாது. அப்புறம் ஆப்ஸ்ல போயி அன்இன்ஸ்டால். அடுத்து, வெளிய இருந்து வர்ற ஆப்பை ஏத்த விடற "அன்னோன் சோர்ஸ்" ஆன்ல இருக்கும், அணை. டவுன்லோடு போல்டர்ல அந்த ஃபைலு கெடக்கும், அதையும் அழி, இல்லீன்னா பையன் மறுபடி தொட்டுருவான்.

பேங்க் ஆப், கூகுள் பே ஏதாச்சும் இருக்குதா? இருந்தா வேற ஒருத்தர் போன்ல இருந்து பேங்குக்குப் பேசி, பின்னை மாத்து. மனசு ஆறலீன்னா பையன் போட்டோவையெல்லாம் மெமரி கார்டுக்கு ஏத்தீட்டு போனையே ரீசெட் அடிச்சிரு. நானா இருந்தா அதைத்தான் செய்வேன்.

கோகிலா_பெருமாநல்லூர் | 8 மே 2020, பகல் 1.20

அண்ணா, கை காலெல்லாம் நடுங்கிப் போச்சுங்க. டிவைஸ் அட்மின்ல டிக் இருந்துச்சு! எடுத்துட்டு அழிச்சேன். பையன் ரீசெட்டும் அடிச்சுட்டான். பக்கத்து வீட்டு அக்கா போன்ல பேங்குக்குப் பேசினேன், ஒண்ணும் போகலைன்னாங்க. ஜன்தன்ல போட்ட ஐநூறு ரூவா அப்படியே இருக்குது.

குரூப்புலயும் எழுதிட்டேனுங்க, அந்த ஃபைலைத் தொடாதீங்கன்னு. ஏழு பேரு ஏத்தியிருந்தாங்களாம்.

கோபி_செல்சர்வீஸ் | 8 மே 2020, பகல் 1.41

நல்லது. இனி பிளே ஸ்டோர்ல போயி தேடு. பேருக்குக் கீழ "என்.ஐ.சி. இகவ் மொபைல் ஆப்ஸ்"னு சின்னதா இருக்கும், அது இருந்தா ஏத்து. தமிழ்லயே கேள்வி கேக்கும். ஏழு பேருக்கும் நான் சொன்னதையே சொல்லு.

ஈரோடு_குமாஸ்தா | 8 மே 2020, மாலை 6.30

வக்கீல் ஆபீஸில் இருக்கிறேன், வக்கீல் அல்ல. தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கம்பெனி இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன் கீழ் மே 1-ம் தேதி உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவில், அரசு, தனியார் என்று எல்லா ஊழியரும் இந்த ஆப்பை வைத்திருக்க வேண்டும், நூறு சதவீதம் வைத்திருப்பதற்கு நிறுவனத் தலைவரே பொறுப்பு என்று இருக்கிறது. முதலாளிக்குப் பயம். அந்தப் பயம்தான் சூப்பர்வைசர் வழியாக உங்களிடம் வந்து நிற்கிறது.

இன்னொரு பக்கம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டார்கள். அதில் அரசு கை வைக்க வேண்டுமென்றால் ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அந்த நோக்கத்துக்கு வேண்டிய அளவு மட்டும்தான் கை வைக்கலாம். இந்த ஆப்புக்கென்று நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் திங்கள்கிழமை காலை எட்டரை மணிக்கு கேட்டில் நின்று புட்டசாமி தீர்ப்பைப் படித்தால் வாட்ச்மேன் கதவைத் திறக்கப் போவதில்லை. அதனால் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் மட்டும் இறங்கி வராதீர்கள். போனில் ஆப் இருக்க வேண்டும் என்றுதான் உத்தரவு. பெண்களின் பேரும் நம்பரும் நிறமும் ஒரு குரூப்பில் போட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. டெல்லி சர்வருக்குப் போவதற்காவது 45 நாள், 60 நாள் என்று ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் கம்பெனி குரூப்புக்கு அப்படி என்ன கணக்கு? நாளைக்கு ஒருவருக்கு ஆரஞ்சு வந்தால், அந்தப் படம் சாயங்காலத்துக்குள் அவிநாசி வரை போய்விடும். "கேட்டில் தினமும் காட்டுகிறேன், குரூப்பில் போட மாட்டேன்" என்று சொல்லுங்கள். தனியாகச் சொல்லாமல் நாலைந்து பேராகப் போய்ச் சொல்லுங்கள்.

செவிலியர்_பெருந்துறை | 8 மே 2020, இரவு 9.10

குமாஸ்தா அண்ணன் சொன்னதுதான் எனக்கும் தோணுச்சு.

கோகிலா, தகரத்துக்குப் பயப்படாதம்மா. ஆப்புல கலர் மாறினதுக்காக நாங்க வீட்டை அடைக்கறதில்லை. டெஸ்ட்டுல பாசிட்டிவ் வந்தாத்தான். கலர் மாறினா போன் பண்ணி விசாரிப்பாங்க, காய்ச்சல் இருமல் இருக்குதான்னு கேப்பாங்க, வேணும்னா டெஸ்ட்டுக்கு வரச் சொல்லுவாங்க, அவ்வளவுதான்.

மார்ச்சுல தொற்றோட தாய்லாந்துக்காரங்க ஈரோட்டுக்கு வந்த சமயத்துல வீடு வீடா நடந்தவ நான். அப்ப ஏது ஆப்பு? "யாரு வீட்டுல சாப்பிட்டீங்க, யாரு வண்டியில போனீங்க"ன்னு ஒவ்வொருத்தரா உக்கார வெச்சுக் கேட்டதுதான். பாதிப் பேரு மொதல்ல பொய்தான் சொன்னாங்க, பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சிருமேன்னு. ரெண்டாவது நாள், உங்க பேரு வெளிய வராதுன்னு நம்புனதுக்கப்புறம்தான் நெசம் வந்துச்சு. பெரியவரே, இந்தச் சீக்கைப் பிடிக்கறதுக்கே அந்த ரகசியம் எங்களுக்கு வேணுமுங்க.

போனை வீட்டுல விட்டுட்டுப் போனா அந்த ஆப் உனக்கு எந்த உபயோகமும் இல்லை. வேலைக்கு எடுத்துட்டுப் போ, சாயங்காலம் பையன் படிக்கட்டும். பட்டன் போன் வெச்சிருக்கற பாட்டிமாருங்க உங்க கம்பெனியில இருப்பாங்களே, அவங்களுக்கு 1921-னு ஒரு நம்பர் இப்பத்தான் விட்டிருக்காங்க. மிஸ்டு கால் குடுத்தா திருப்பிக் கூப்பிட்டு உடம்பைப் பத்திக் கேக்கும்.

பொள்ளாச்சி_பெரியவர் | 9 மே 2020, காலை 6.20

அம்மிணி சொன்னது நாயந்தான். வாயை மூடிக்கறேன்.

கோகிலா_பெருமாநல்லூர் | 11 மே 2020, இரவு 8.45

இன்னைக்கு வேலைக்குப் போனேனுங்க. செக்கிங்ல ஆறு பேரு சேந்து சொன்னோம். சூப்பர்வைசர் மொதல்ல மொறச்சாரு. அந்த ஃபைலு விசயத்துல அவரு மேலயும் தப்பு இருக்குதில்லீங்களா, அதனால ரொம்பப் பேசல. கேட்டுல வாட்ச்மேன் தாத்தா கண்ணாடியை ஏத்தி எறக்கி ஒவ்வொருத்தர் போனா பாக்கறதுக்குள்ள அரை மணி நேரம் போச்சு. ஆனா குரூப்புல போடலீங்க. பவர் டேபிள்ல தைக்கற ஆளுக போட்டுட்டாங்க.

ஈரோடு_குமாஸ்தா | 18 மே 2020, காலை 10.00

ஒரு மாற்றம். நேற்று வந்த ஊரடங்கு நீட்டிப்பு உத்தரவில் கட்டாயம் என்பது போய்விட்டது. ஒத்துவரும் போன் வைத்திருக்கும் ஊழியர்கள் ஆப்பைப் போட முதலாளிகள் தங்களால் முடிந்த முயற்சி எடுக்கட்டும் என்று மட்டும் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்ட வரைவு தயாரித்த குழுவுக்குத் தலைவராக இருந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணாவே, கட்டாயப்படுத்துவது சட்டவிரோதம் என்று போன வாரம் சொல்லியிருந்தார். கேட்டில் யாராவது தகராறு செய்தால் 17-ம் தேதி உத்தரவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரவணம்பட்டி_கோடர் | 27 மே 2020, இரவு 11.30

ஆண்ட்ராய்டு ஆப்போட மூல நிரலை நேத்து கிட்ஹப்ல (நிரலை எல்லாரும் பாக்கற மாதிரி வெக்கற தளம்) வெளியிட்டிருக்காங்க. போன்ல ஓடற பகுதி மட்டும்தான். சர்வர்ல என்ன நடக்குதுன்னு அதுல தெரியாது. பாத்துக்கிட்டு இருக்கேன்.

தாராபுரம்_வாசகன் | 19 பிப்ரவரி 2023, மாலை 4.15

பழைய இழையை எழுப்பறதுக்கு மன்னிக்கணும். இதே சந்தேகத்துல தேடி வந்தேன், அந்த ஆப் இன்னும் என் போன்ல கெடக்குது. தொடர்பு கண்டுபிடிக்கற வசதியை நிறுத்தியாச்சு, அதுல சேந்த தரவை அழிச்சாச்சுன்னு இந்த மாசம் நாடாளுமன்றத்துல மத்திய அரசு பதில் சொல்லியிருக்கு. கோகிலாக்கா இன்னும் இங்க வர்றீங்களா?

கோகிலா_பெருமாநல்லூர் | 20 பிப்ரவரி 2023, இரவு 9.05

வர்றனுங்க தம்பி. ஆப்பை நான் 2021-லயே எடுத்துட்டேன், பையன் காலேஜுக்குப் போயிட்டான், அவனுக்குத் தனி போனு. அந்தக் கம்பெனி குரூப்பு மட்டும் அப்படியேதான் இருக்குது. மேல தள்ளிப் பாத்தா பவர் டேபிள் ஆளுக போட்ட பச்சைப் படமெல்லாம் பேரு நம்பரோட இன்னும் கெடக்குதுங்க.